கூரைக்குள் குடும்பம் நடத்தும் மூசாங்: பிடிக்காமல், அடிக்காமல் வெளியே அனுப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்பர்னில் படிக்கும் என் தம்பி மகள் போன வருடம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேலி மேல் உட்கார்ந்து, கண்ணை உருட்டிக்கொண்டு, புசுபுசு வாலோடு ஒரு பிராணி. "பெரியப்பா, இதுதான் போஸம். எங்க கூரைக்குள்ளதான் குடியிருக்கு, ராத்திரி தூங்கவே முடியல" என்று கீழே எழுதியிருந்தாள். (அங்கே சொல்கிற உச்சரிப்பிலேயே தமிழில் எழுதினால் 'பாசம்' ஆகிவிடுகிறது, அதனால்தான் போஸம். தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்றுக்குப் பாசம் என்று பேர் வைக்க மனம் வரவில்லை.) வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் கோலாலம்பூரில், செத்தாபாக்கில் இருக்கும் எங்கள் மாடி வீட்டுச் சீலிங்கிலும் இரவானால் தடதடவென்று சத்தம்.

நம் மலேசியாவில் போஸம் கிடையாது. நம் கூரையில் ஓடுவது மூசாங், தமிழில் மரநாய். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை, செம்பனைப் பழத்தைத் தின்றுவிட்டு ஓடுகிற கூட்டாளிதான். போஸமும் மூசாங்கும் சொந்தக்காரர்கள் அல்ல, ஆனால் கூரைக்குள் இரண்டும் நடந்துகொள்வது ஒரே அச்சு. அதனால் அவளுக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பல விஷயம் எனக்கு இங்கே உதவியது. ஆனால் அதைக் கேட்பதற்கு முன்பே நான் செய்த முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கூரை வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். காலை பதினொரு மணிக்கு வந்தார், ஓட்டு விளிம்பில் இருந்த ஓட்டையைக் காட்டினேன், சிமெண்டு வைத்து அடைத்தார், காசு வாங்கிக்கொண்டு போனார். அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை: பகல் பதினொரு மணிக்கு அந்தப் பிராணி எங்கே இருக்கும்? உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும். அன்று இரவு சுரண்டல். மறுநாள் இரவு இன்னும் பலமாகச் சுரண்டல். மூன்றாம் நாள் விடியற்காலை பின்னறைப் பிளாஸ்டர் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு பழைய துணி மூட்டை மேல் பொத்தென்று விழுந்தது. அம்மா கத்திய கத்தலில் எதிர்வீட்டுச் சீன அங்கிள் துடைப்பத்தோடு ஓடி வந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டதும் அது போய்விட்டது. சீலிங் மாற்ற ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆனது.

ஆக, அது எப்போது எழுகிறது, எப்போது வெளியே போகிறது, எத்தனை நாள் குட்டியோடு இருக்கிறது என்று தெரியாமல் ஏணியில் ஏறாதீர்கள். கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியும் அதன் வாழ்க்கை முறையிலிருந்துதான் வருகிறது.

போஸம் காட்டில் எப்படி வாழ்கிறது

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செத்தது போல் நடித்துப் படுத்துக்கொள்ளும் பிராணி என்று படத்தில் பார்த்திருப்பீர்கள், அது அமெரிக்காவின் ஒபோஸம். ஆஸ்திரேலியாவில் இருப்பது வேறு. 1770ல் கேப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ், அங்கே கண்ட ஒரு பிராணியை அமெரிக்க ஒபோஸத்தோடு ஒப்பிட்டு எழுதினார், அந்தப் பெயரே அப்புறம் சுருங்கி போஸம் ஆகி ஒட்டிக்கொண்டது. இரண்டும் குட்டியைப் பையில் வளர்க்கும் இனம் என்பது உண்மை, ஆனால் பங்காளி உறவுகூட அல்ல, அதற்கும் தூரம்.

ஆஸ்திரேலிய நகரங்களில் கூரைக்குள் நுழைவது பெரும்பாலும் தூரிகை வால் போஸம். ஒன்றரை கிலோவிலிருந்து நான்கு கிலோ சொச்சம் வரை இருக்கும், அதாவது நம் தெருப் பூனை அளவு. கர்ப்பம் வெறும் 16 முதல் 18 நாள்தான். பிறக்கும்போது குட்டி ஒரு மொச்சைக் கொட்டை அளவுகூடத் தேறாது, கண் திறக்காமல், ரோமம் இல்லாமல், தாயின் வயிற்று ரோமத்தைப் பிடித்து ஊர்ந்துபோய்ப் பைக்குள் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. அதற்கு மேல் நான்கைந்து மாதம் பைக்குள்ளேயே வாசம். வெளியே வந்தபிறகும் ஓரிரு மாதம் தாயின் முதுகில் சவாரி. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான்.

இதன் சொந்த வீடு யூகலிப்டஸ் மரப் பொந்து. ஒரு யூகலிப்டஸில் பிராணி நுழைகிற அளவுக்குப் பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும். மனிதன் மரத்தை ஒரு மணி நேரத்தில் வெட்டுகிறான், பொந்துக்கு நூறு வருடம் காத்திருக்க போஸத்தால் முடியாது, அதனால் பக்கத்தில் இருட்டாக, உலர்ந்து, வெதுவெதுப்பாக இருக்கும் கூரையைப் பார்த்துக்கொள்கிறது. இன்னொரு வகை, வளையவால் போஸம், கொஞ்சம் சின்னது. அது குச்சியும் மரப்பட்டையும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டிக்கொள்ளும், அதனால் கூரைத் தொல்லை குறைவு. யூகலிப்டஸ் இலை எளிதில் செரிக்காது என்பதால், தன் கழிவில் மென்மையான ஒரு வகையைத் திரும்பத் தின்று இரண்டாம் முறை செரிக்க வைக்கிறது. முகம் சுளிக்காதீர்கள், முயலும் அதைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் உதவிய விஷயம் விக்டோரியா மாநிலத்துச் சட்டம். அங்கே கூரையில் போஸத்தைப் பொறிவைத்துப் பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்தான் திரும்ப விடவேண்டும், அதுவும் இருட்டத் தொடங்கும் நேரத்தில். காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டில் விடக்கூடாது. ஏன்? அந்தக் காட்டில் ஒவ்வொரு பொந்துக்கும் ஏற்கெனவே ஓர் உரிமையாளர் இருக்கிறார். புதிதாக வருகிறவனுக்குப் பொந்தும் இல்லை, எங்கே என்ன கிடைக்கும் என்ற வழியும் தெரியாது, அடிபட்டோ பட்டினியாலோ நாயிடம் மாட்டியோ சாகும். இங்கே உங்கள் கூரையிலோ, அந்த இடம் காலியானதும் அடுத்த போஸம் வந்து குடியேறிவிடும். இந்தக் கணக்கு மூசாங்குக்கும் அப்படியே பொருந்தும்.

(நியூசிலாந்தில் கதை தலைகீழ். ரோமத்துக்காக 1837ல் கொண்டுவந்து விட்டார்கள், பெருகி, காட்டையும் பறவை முட்டைகளையும் அழிக்கிறது, அங்கே அதை ஒழிப்பதே அரசாங்கத் திட்டம். பிராணி நல்லதா கெட்டதா என்று கேட்டால் எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.)

ஏன் இது நம் பக்கம் வரவில்லை? போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் நடுவில் மக்காசார் நீரிணை இருக்கிறது. பையில் குட்டி வளர்க்கும் இனங்கள் கிழக்கிலிருந்து சுலாவெசி வரை வந்து நின்றுவிட்டன, அங்கே இருக்கும் குஸ்குஸ் போஸத்தின் உறவினர். இந்த எல்லைக் கோட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவனித்து எழுதியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ், மலாக்கா காடுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்தவர். கோட்டுக்கு இந்தப் பக்கம், இரவில் மரமேறிப் பழம் தின்னும் வேலையைச் செய்வது நம் மூசாங்.

படி 1: சத்தத்தைக் கேட்டு ஆளைக் கண்டுபிடியுங்கள்

எலி என்றால் கீச்சுச் சத்தமும், நகம் கிறீச்சிடுகிற மாதிரி வேகமான சின்ன ஓட்டமும் இருக்கும். மூசாங் நடப்பது மனிதக் குழந்தை நடப்பது போலக் கனமாகத் தட், தட் என்று கேட்கும். இரண்டிலிருந்து ஐந்து கிலோ எடை அல்லவா. இருட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் விடிவதற்கு முன் நாலு, ஐந்து மணிக்கு ஒரு தடவை, அதாவது வேலைக்குப் போவதும் வருவதும். இடையில் நிசப்தம். சத்தம் இரவு முழுக்க விடாமல் கேட்டால் எலியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் பூனைக்குட்டி மாதிரி மெல்லிய முனகல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள், எதையும் தொடாதீர்கள், படி 4ஐப் படியுங்கள்.

அடுத்தது எச்சம். மூசாங் எச்சத்தைப் பார்த்தால் தவறவே முடியாது, விதைகளை ஒட்டவைத்துச் செய்த உருண்டை மாதிரி இருக்கும். எங்கள் கார் போர்ச் தகரத்தின் மேல் ஒரு நாள் காலை பப்பாளி விதையும் சிக்குப் பழ விதையும் (சப்போட்டாவைத்தான் இங்கே சிக்கு என்போம்) குவியலாகக் கிடந்தன, யாரோ கழுவி, துடைத்து, காயவைத்தது போல ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று. பழத்தின் சதை மட்டும் செரிமானமாகி விதை முழுசாக வந்துவிடுகிறது, அதனால்தான் காட்டில் இது நல்ல விதைக்காரன். காப்பிப் பழத்தைத் தின்று போடுகிற கொட்டையைத்தான் லுவாக் காப்பி என்று விற்கிறார்கள். காட்டில் அள்ளியது என்று போத்தலில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் கூண்டில் அடைத்து வைத்து, காப்பிப் பழமாகப் போட்டு எடுப்பதுதான். நான் அதைக் குடிப்பதில்லை, நீங்களும் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது மணம். சீலிங் பக்கம் சமைத்த பாண்டான் இலை வாசனை லேசாக வந்தால் பயப்பட வேண்டாம், பேய் பிசாசு இல்லை. மூசாங்கின் வாலடிச் சுரப்பி விடும் மணம் அது. மலாயில் இதற்கு மூசாங் பாண்டான் என்றே ஒரு பெயர் இருக்கிறது. அந்தச் சுரப்பி ஆண் பெண் இரண்டுக்கும் விதைப்பை மாதிரி புடைத்துத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்பித்தான் விஞ்ஞானப் பெயரிலேயே இருபாலுயிர் என்று பொருள் வரும்படி ஹெர்மாஃப்ரோடிட்டஸ் என்று வைத்துவிட்டார்கள். பாவம், அதற்கு அந்தச் சந்தேகம் எதுவும் இல்லை.

நேரில் பார்க்கக் கிடைத்தால்: சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, முதுகில் கருங்கோடும் புள்ளியும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, கால் நாலும் கறுப்பு, கிட்டத்தட்ட உடம்பளவு நீளமான வால், வாலில் வளையம் கிடையாது. வாலில் கறுப்பு வெள்ளை வளையம் இருந்தால் அது தரையில் நடமாடும் மூசாங் தெங்காலுங், அது கூரைக்கு வராது. திருப்பதிப் பெருமாளுக்குச் சாத்தும் புனுகைத் தரும் புனுகுப் பூனையும் இதே குடும்பந்தான், ஆனால் வேறு இனம்.

படி 2: ஒரு வாரம் சும்மா வேடிக்கை பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள், நானும் அப்படித்தான். காட்டில் மூசாங் தனி ஆளாகத் திரியும். பகலில் மரப் பொந்தில், அடர்ந்த கொடிக்குள், பனை வகை மரங்களின் தலைப்பில் தூங்கும். ஒரே இடத்தில் தினமும் தூங்காது, நாலைந்து இடம் வைத்துக்கொண்டு மாறி மாறிப் போகும். உங்கள் கூரை அந்த நாலைந்தில் ஒன்றாக இருக்கலாம், அதனால் இரண்டு நாள் சத்தம் இல்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நகரத்தில் இதன் நடமாட்டத்துக்குப் பாதை போட்டுக் கொடுப்பது நாம்தான்: தண்ணீர்க் குழாய், கேபிள் வயர், பக்கத்து வீட்டு மாமரக் கிளை, மொட்டைச் சுவர். எங்கள் வீட்டில் அது அஸ்ட்ரோ டிவி டிஷ் மேல் கால் வைத்து ஏறியது.

ஏழு மணிக்கு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்காருங்கள். கோலாலம்பூரில் சூரியன் ஏழிலிருந்து ஏழரைக்குள் மறையும், ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் அது தலையை நீட்டும். எந்த ஓட்டையிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, ஒன்றா கூடவே குட்டிகளா என்று எழுதி வையுங்கள். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டால் அது அவ்வளவு மிரளாது, கண் மட்டும் மின்னித் தெரியும். முழுநிலா இரவுகளில் நடமாட்டம் குறைவாக இருக்கலாம், அதனால் பௌர்ணமி வாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நான் இரண்டாம் முறை செய்தபோது ஐந்து இரவு உட்கார்ந்தேன். கொசுவர்த்தி, ஒரு குவளை கோப்பி, பக்கத்தில் அம்மா. மூன்றாம் நாள் அம்மாவே ஆர்வமாகிவிட்டார்கள், "டேய் வந்துருச்சு வந்துருச்சு" என்று என் கையைக் கிள்ளினார்கள். ஓட்டு விளிம்பில் முதலில் மூக்கு, அப்புறம் மீசை, முகர்ந்து முகர்ந்து ஒரு நிமிடம், அப்புறம் தண்ணீர் மாதிரி வழிந்து வெளியே வந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாக இறங்கியது. பூனை அப்படி இறங்காது.

படி 3: சட்டம்

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மூசாங் பாதுகாக்கப்பட்ட பிராணி. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் வளர்ப்பதும் குற்றம். கூண்டு வைத்துப் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், பிடித்ததை எங்கே விடுவீர்கள் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வரும். உண்மையில் பிடித்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் (வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது, அடிபட்டுக் கிடக்கிறது) வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள், அவர்கள் வேலை அது. எலி விஷம் வைக்கவே கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விஷம் தின்ற பிராணி நீங்கள் எட்ட முடியாத மூலையில் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தை மூன்று வாரம் அனுபவிக்க வேண்டும்.

படி 4: குட்டி இருக்கிறதா?

இதை மட்டும் தப்பாகச் செய்யாதீர்கள். மூசாங் வருடத்தில் எந்த மாதமும் குட்டி போடலாம், அதனால் இந்த மாதம் பாதுகாப்பு என்று காலண்டர் பார்த்துச் சொல்ல முடியாது. கர்ப்பம் சுமார் இரண்டு மாதம், இரண்டிலிருந்து ஐந்து குட்டி, பால் மறக்க இன்னும் இரண்டு மாதம். போஸம் தன் குட்டியைப் பையிலோ முதுகிலோ தூக்கிக்கொண்டு இரை தேடப் போகும், மூசாங்குக்குப் பை கிடையாது, குட்டியைக் கூட்டில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஆக, தாய் வெளியே போனதும் ஓட்டையை அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே பட்டினி கிடந்து சாகும், தாய் கூரையைப் பிய்த்துத் தள்ளும்.

எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியில்) நடந்தது இது. இரண்டு வரிசை தள்ளி ஒரு வீட்டில் கூண்டு வைத்து ஒரு மூசாங்கைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வீட்டு அக்கா நிம்மதியாகத் தூங்கியது ஒரே ஓர் இரவு. மறுநாள் சீலிங்கில் குட்டிகள் முனகின, நாலாம் நாள் முனகல் நின்றது, ஆறாம் நாள் ஹாலில் யாரும் உட்கார முடியவில்லை.

பகல் முனகல் கேட்டாலோ, தாய் இரவில் இரண்டு மூன்று முறை திரும்பித் திரும்பி வந்தாலோ, குட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், இரண்டு மூன்று மாதம் பொறுப்பது. குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக வெளியே போக ஆரம்பித்ததும் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: மற்ற ஓட்டைகளை அடையுங்கள், ஒன்றை விடுங்கள்

மூசாங் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், உங்கள் கை முஷ்டி போகிற ஓட்டை என்றாலே சந்தேகப்படுங்கள். விலகிய ஓடு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து, உளுத்துப்போன விளிம்புப் பலகை, பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் கூரை இடைவெளி. வரிசை வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி, நடுச்சுவர் கூரை வரை முழுசாக எழுப்பப்படாத பழைய வீடுகளில் அது ஆறு வீட்டுக்கும் சொந்தம் கொண்டாடும், அக்கம்பக்கத்தாரோடு பேசாமல் தனியாக அடைப்பது வீண். மெயின் வாசல் என்று நீங்கள் கண்டுபிடித்த ஒரே ஓர் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைத்துவிடுங்கள்.

சீலிங்கில் ஏறுவதாக இருந்தால் மரச்சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள். பழைய வீட்டுச் சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். மின் வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு.

படி 6: வெளியே போனதை உறுதி செய்து, இரவில் அடையுங்கள்

இரண்டு வழி உண்டு. முதலாவது, ஓட்டையில் கசக்கிய நாளிதழ்த் தாளை லேசாகச் செருகி வையுங்கள், ஓட்டை முன்னால் கொஞ்சம் கோதுமை மாவையோ முகப் பவுடரையோ தூவுங்கள். இரவு அது தாளைத் தள்ளிவிட்டு வெளியே போகும், மாவில் கால் தடம் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். போனதைக் கண்ணால் பார்த்ததும், ஒன்பது பத்து மணிக்கு, கம்பி வலையை ஆணி அடித்து மூடுங்கள். அதற்கு ஆள் கிடைப்பது சிரமம், கூரைக்காரர்கள் இரவில் வரமாட்டார்கள், வழுக்கும் ஓட்டில் இருட்டில் நீங்கள் ஏறவும் கூடாது. அதனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

ஒருவழிக் கதவு. கைப்பிடியில்லாத நாய்க்கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ கம்பி வலைத் துண்டையோ ஓட்டையை விட நாலு பக்கமும் பெரிதாக வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் கீல் போட்டு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி பொருத்துங்கள். உள்ளிருந்து தள்ளினால் தூக்கிக்கொள்ளும், வெளியே இருந்து வந்தால் சட்டத்தில் முட்டி நிற்கும். நகத்தால் நெம்ப முடியாதபடி கீழ் விளிம்பு சட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் நீண்டிருக்காமல், ஒட்டி இருக்க வேண்டும், நான் முதலில் நீளமாக விட்டேன், அது கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பகலிலேயே நிதானமாக மாட்டலாம், யார் எப்போது வெளியே போனாலும் கவலை இல்லை. குட்டி இல்லை என்று உறுதியானபின் மட்டும்.

அப்புறம் மூன்று இரவு காத்திருங்கள். உள்ளே மாவு தூவிய இடத்தில் புதுத் தடம் இல்லை, சத்தமும் இல்லை என்றால் கதவைக் கழற்றிவிட்டு நிரந்தரமாக மூடுங்கள். துத்தநாகம் பூசிய கம்பி வலை, கண்ணி ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெறும் நுரையோ சிலிக்கோனோ வைத்து அடைத்தால் ஒரே இரவில் பிய்த்துவிடும்.

அந்துருண்டை, அமோனியா, பெலாச்சான் (இறால் விழுது), மிளகாய்த்தூள், ஹார்மோனிகா முதல் கந்த சஷ்டிக் கவசம் வரை ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அந்துருண்டை வாசனை கீழே தூங்குகிற உங்கள் நுரையீரலுக்குத்தான் முதலில் கேடு. ஓட்டை திறந்திருக்கும் வரை இதெல்லாம் இரண்டு நாள் கூத்து. சீலிங்கில் ஒரு விளக்கை எரியவிடுவது மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பலித்தது, இருட்டைத் தேடி வந்ததற்கு வெளிச்சம் பிடிக்கவில்லை.

படி 7: ஏறும் வழியை வெட்டுங்கள்

கூரையைத் தொடும் கிளைகளை இரண்டு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். மரத்தையே வெட்ட வேண்டாம், அதற்கு வேறு வீடு வேண்டுமல்லவா. மரத்தண்டிலும் தண்ணீர்க் குழாயிலும் வழுவழுப்பான தகரத்தை அரை மீட்டருக்கு மேல் அகலமாகச் சுற்றிவிட்டால் நகம் பிடிக்காது. பூனை நாய்ச் சாப்பாட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், பழுத்துத் தொங்கும் வாழைத்தாரை அறுத்து உள்ளே எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டு பப்பாளி போனால் போகட்டும். அது எலியையும் நத்தையையும் பல்லியையும்கூடத் தின்கிறது, அந்தக் கூலி என்று நினைத்துக்கொள்ளலாம். பழச் சர்க்கரை மேல் அதற்கு அப்படி ஓர் ஆசை, தமிழ்நாட்டில் பனைமரமேறிக் கள்ளுப் பானையில் வாய் வைக்கும் என்று என் தாத்தா சொல்வார். ஆங்கிலத்திலும் அதைக் கள்ளுப் பூனை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

(மூசாங் கிங் டுரியானுக்கு இந்தப் பிராணியோடு நேரடிச் சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். டி197 என்று 1993ல் பதிவான அந்த வகைக்குக் கிளாந்தானில் உள்ள குவா மூசாங் ஊரின் பெயர் வந்தது.)

படி 8: சுத்தம் செய்வது

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, தூளாகி மூக்குக்குள் போகும். முகக்கவசம், கையுறை, தண்ணீரில் கலந்த குளோரின் தெளித்து நனையவிட்டு, பழைய நாளிதழால் அள்ளிக் கட்டிப் போடுங்கள். எலியும் கூடவே இருந்திருக்கலாம், எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் விளையாட்டு அல்ல. மூசாங் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்தப் பாலூட்டி கடித்தாலும் வெறிநோய்க்கு ஊசி தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், சரவாக்கில் 2017லிருந்து அந்த நோய் இருக்கிறது.

கீழே விழுந்த குட்டி கிடைத்தால் பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு கண்டுவிடும். ஒரு அட்டைப் பெட்டியில் துணி விரித்து, ஓட்டைக்குக் கீழே, நாய் எட்டாத உயரத்தில், இருட்டும் நேரத்தில் வையுங்கள். தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தால் பெர்ஹிலித்தான். அழகாக இருக்கிறதே, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று வளர்க்க ஆரம்பிக்க வேண்டாம், வளர்ந்தபின் இரவெல்லாம் வீட்டைப் புரட்டும், பல் பதிந்தால் தையல் போட வேண்டி வரும்.

அனுப்பியபின்னும் பார்க்க ஆசை வந்தால், காட்டில் தேடிப் போக வேண்டியதில்லை. மரமும் பழமும் இருக்கும் எந்தப் பழைய குடியிருப்பிலும் இரவு எட்டிலிருந்து பத்துக்குள், பழுத்த அத்தி வகை மரத்தின் கீழே சத்தம் போடாமல் நின்றாலே போதும். பழம் தின்னும் சத்தம் முதலில் கேட்கும், கண் அப்புறம்தான் மின்னும். மெல்பர்ன் போகிறவர்கள் அங்கே பூங்காவில் போஸத்தைப் பார்க்கலாம், ஆனால் ரொட்டி கொடுத்துப் பழக்காதீர்கள், அதன் வயிறு இலைக்கும் பூவுக்கும் ஏற்றது.

கம்பி வலையை வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த மூலையில் விரலை வைத்துத் தள்ளினால் அசையக் கூடாது. எங்கள் வீட்டில் போன மாதம் ஏணி போட்டுப் பார்த்தேன். வலை அப்படியே உறுதியாக இருந்தது, அதன் மேலேயே சிக்கு விதை ஏழெட்டுப் பளபளவென்று கிடந்தது.